நெவில் கழற்றிய எடை

இந்த வருஷம் மாக்பை குன்றின் கப் தன் வீட்டுக்கு வந்தே தீரும் என்று நெவில் ட்ராஸ்க் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைச் சாப்பாட்டு மேஜையை ஓங்கிக் குத்திச் சத்தியம் செய்தான். குத்து பட்டது மேஜையில் அல்ல, முட்டையில். மஞ்சள் கரு சட்டைக் கை வரைக்கும் வழிந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

பதினோரு வருஷமாக அந்தக் கப் பக்கத்து வீட்டுக் கிளாரியின் அலமாரியில் குந்தியிருக்கிறது. கிளாரி ஊரில் கசாப்புக் கடை வைத்திருப்பவன். போட்டி என்னவோ சாதாரணப் போட்டிதான். யுத்தத்துக்கு முந்தின கார்கள் ஒவ்வொன்றாகக் குன்றின் வளைவுப் பாதையில் ஏற வேண்டும், உச்சியில் கடிகாரம், குறைந்த நேரத்துக்குக் கப். போன வருஷம் கிளாரி ஜெயித்தது ஒரு தும்மல் நேரத்தில். அன்றிலிருந்து நெவிலுக்கு யார் தும்மினாலும் பிடிப்பதில்லை.

நெவிலின் கார் அவனைவிட இரண்டு வயது மூத்தது. பச்சை நிறம், நீள மூக்கு, இரண்டே சீட். பேர் வின்னி. கிளப் சட்டப்படி எஞ்சினைப் பெரிதாக்கக் கூடாது. எடையைக் குறைத்தால் யார் கேட்பது?

"வண்டில வேண்டாத எடை நெறைய இருக்கு, டோர். ஒண்ணு விடாம கழட்டப் போறேன்."

மனைவி டொரீன் ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக்கொண்டே அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை நடுவழியில், பெல்ட்டுக்குப் பக்கத்தில், சற்றுத் தங்கிவிட்டு இறங்கியது.

"வேண்டாத எடை எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்! ஸ்டெப்னி, கூரைத் துணி, கதவு உள்பலகை, பக்கத்து சீட்டு..."

"பக்கத்து சீட்டுல நான்ல உக்காருவேன்?"

"ரேஸ்ல உனக்கென்ன வேலை? உனக்குத்தான் டீக் கூடாரம் இருக்கே."

இருந்தது. அது கிளப் வழக்கம். ஒரு கார் போட்டிக்கு வந்தால் அந்த வீட்டிலிருந்து ஓட்டுகிறவர் ஒருவர், டீக் கூடாரத்தில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிக்கு ஜாம் தடவுகிறவர் ஒருவர். கூடாரம் குன்றின் பின்புறம்.

"இருபத்தாறு வருஷமாச்சு, நெவ். ஒரு ரேஸக்கூட நான் கண்ணால பாத்ததில்ல. காதால கேட்டதோட சரி."

"அதான் கேக்கறியே, அப்புறம் என்ன?"

"நல்லாவே கேக்குது. ரெண்டாவது வளைவுல நீ கியரை அவசரப்பட்டு எறக்கற. ஒவ்வொரு வருஷமும்."

நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். ஜாம் தடவுகிற இடத்திலிருந்து கியர் பாடமா! டொரீனும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, பாவம்.

ஏப்ரலில் வேலை மும்முரம். கழற்றியதையெல்லாம் தராசில் நிறுத்துக் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினான். எழுபத்தொரு கிலோ! பழைய தோல் சீட்டுகள் இரண்டையும் கோழிக் கூண்டுக்குள் போட்டான். கோழிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே முட்டையிட்டன. அவற்றுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து ஒரே ஒரு சீட் செய்தான். தன் இடுப்புக்கு அளவெடுத்து, ஒரு விரல் கூடுதலாக விடாமல்.

"கொஞ்சம் தாராளமா வெட்டேன், நெவ். பின்னால உதவும்."

"தாராளமா வெட்டினா எடை, டோர்! உனக்கு இதெல்லாம் புரியாது."

"அப்ப வேண்டாம்ப்பா. நீ சொன்னா சரி."

அவள் சொன்னாள், அவன் கேட்கவில்லை. இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நெவில் உட்கார்ந்து பார்த்தான், கச்சிதம். பதினான்கு ரிவெட் அடித்துச் சீட்டைத் தரையோடு தரையாக இறுக்கினான்.

ஜூன் வந்தது. அந்தத் தெற்குத் தேசத்தில் அதுதான் குளிர்காலம். குளிர் எலும்புக்குள் போனது. எஞ்சின் கொட்டகையில் நூறு துண்டாகக் கிடந்தது, நெவில் அதன் நடுவே கிடந்தான். டொரீன் மூன்று வேளையும் தட்டோடு வந்தாள். மாவுக்குள் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பை, ஆட்டுத்தொடை ரோஸ்ட், பாகில் ஊறின மாவுருண்டை, அதன் தலையில் கிரீம்.

"ஏய், போதும் டோர்."

"உழைக்கிற உடம்பு. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு பாரு. இன்னும் ஒரு துண்டு."

நெவில் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். ஒட்டியிருப்பது போலத்தான் இருந்தது. சாப்பிட்டான். குளிர்காலம் பூராவும் அவன் போட்டது ஒரே ஓவரால். ஓவராலுக்கு இடுப்பு கிடையாது, ஆகவே புகாரும் கிடையாது. கார் பாகங்களையெல்லாம் நிறுத்த அந்தத் தராசில் தானும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டு கடைசியில் எஞ்சின் உள்ளே ஏறியது. இனிக் கார்புரேட்டரைச் சரிபார்க்க வேண்டும். அது காதால் செய்கிற வேலை. ஓட்டுகிறவன் காதில் காற்றுதான் கேட்கும். ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் வேலியோரம் நின்று கேட்க வேண்டும்.

"நீ ஓட்டு, டோர். ஆட்டுப் பட்டி மேட்டுப் பாதைல ஏறி எறங்கு, போதும். நான் கேக்கறேன்."

"எனக்கு வருமா?"

"நான் சொல்றபடி செய். தானா வரும்."

வந்தது. ஒரு மாதம், தினமும் சாயங்காலம் டொரீன் ஓட்டினாள். நெவில் வேலியில் தொங்கிக்கொண்டு கத்தினான். "வளைவுல காலை எடுக்காத! பிரேக்கை லேட்டாப் புடி! இன்னும் லேட்டா! ஆங், அப்படித்தான்!" தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் எஞ்சின் சத்தம் கேட்கும் சாக்கில் அவளுக்குக் கற்றுக்கொடுத்து முடித்தான்.

கிளாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

"டேய் நெவில், டொரீன் பிரமாதமா ஓட்டுறாடா."

"அவ எங்கடா ஓட்டுறா? நான் ட்யூன் பண்ண வண்டிடா அது! ஒரு செம்மறியாட்ட உக்கார வச்சாக்கூட ஓடும்!"

டொரீனுக்குக் காது கூர்மை என்பதுதான் நமக்கு முன்பே தெரியுமே.

மறுநாள் போட்டிக்கான படிவம் தபாலில் வந்தது. நெவில் வாழ்நாளில் எந்தப் படிவத்தையும் படித்தவன் இல்லை. கையில் எப்போதும் கிரீஸ். டொரீன் நிரப்பி நீட்டினாள், அவன் கையெழுத்துப் போட்டான். ஓட்டுநர் நெவில் ட்ராஸ்க். அதற்குக் கீழே மாற்று ஓட்டுநர் என்று ஒரு கோடு. இத்தனை வருஷமும் காலியாக இருந்த கோடு. இந்தத் தடவை காலியாக இல்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. ஊரே குன்றடியில். வின்னி லாரியில் வந்து இறங்கியிருந்தது. நெவில் புது வெள்ளை உடுப்பு மாட்டி, கண்ணாடி போட்டு, கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டு வின்னிக்குள் காலை வைத்தான். உட்கார்ந்தான். அதாவது, உட்காரப் பார்த்தான்.

வலது பாதி உள்ளே போனது. இடது பாதி வரமாட்டேன் என்றது. எழுந்து இடது பாதியை முதலில் அனுப்பினான், வலது கோபித்துக்கொண்டது. மூச்சைப் பிடித்தான். முகம் சிவந்தது. சீட் நெளிந்து கிறீச்சிட்டது.

"கடைல ஆட்டுக் கொழுப்பு இருக்கு, தடவிப் பாக்கறியா?" என்றான் கிளாரி, ரொம்ப அக்கறையாக.

வண்டிகளைச் சோதிக்கும் பெர்ட் கிழவர் குனிந்து பார்த்தார்.

"சீட்டு மேல உக்காந்தா ஆகாது, நெவில். சீட்டுக்குள்ள உக்காரணும்."

"இதப் பிச்சுப் போட்டுட்டுத் தரைல உக்காந்து ஓட்றேன்!"

"தரையோட இறுக்கின சீட்டு இல்லாத வண்டிய ஓட விட மாட்டோம், கிளப் சட்டம். வேற சீட்டு இருக்கா?"

இருந்தது. வீட்டில். அதன்மேல் இரண்டு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

நெவிலுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம்! எழுபத்தொரு கிலோ! அப்போது பெர்ட் படிவத்தைப் புரட்டினார்.

"மாற்று ஓட்டுநர் இருக்காங்களே. டி. ட்ராஸ்க்."

"அது யாரு?" என்றான் நெவில்.

கூடாரத்துப் பக்கமிருந்து டொரீன் வந்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை ஓவரால். அதற்கு இடுப்பு இருந்தது. அவிழ்த்த ஏப்ரனை நெவில் வயிற்றில் வைத்து, கயிற்றைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். முனைகள் எட்டவில்லை. ஒரு ஊக்கைக் குத்தி முடித்தாள்.

"ஸ்கோன் அடுப்புல இருக்கு. பத்து நிமிஷத்துல எடுத்துடு, கருகிடும்."

"டோர்! ரேஸுன்னா வெளையாட்டா? உன்னால..."

"நீ ட்யூன் பண்ண வண்டிதானே, நெவ்? செம்மறியாடு உக்காந்தாலே ஓடுமாம்."

சீட்டுக்குள் சுலபமாக இறங்கினாள், பக்கத்தில் ஒரு மஃப்ளர் வைக்கக்கூட இடம் மீந்தது.

நெவில் கூடாரத்துக்கு ஓடினான். ஸ்கோனை எடுத்தான், விரலைச் சுட்டுக்கொண்டான், ஜாமைத் திறந்தான். குன்றுக்கு அந்தப் பக்கம் வின்னி உறுமியது. கத்தி கையில் நின்றது. முதல் வளைவு சுத்தம். இரண்டாவது வளைவு வந்தது. இப்போது கியர், இப்போது, என்று அவன் கை தானாக ஆடியது. கியர் இறங்கவில்லை. இன்னும் இறங்கவில்லை. அவன் உயிர் தொண்டைக்கு வந்த பிறகுதான் கியர் இறங்கியது, எஞ்சின் ஒரு மூச்சுக்கூடத் திணறாமல் மேலே பறந்தது.

"அடிப் பாவி," என்றான் நெவில் ஜாமிடம். "இது தெரியாமப் போச்சே எனக்கு!"

ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்னது. கிளாரியைவிட ஒன்றரை நொடி குறைவு. தும்மல் என்ன, கொட்டாவியே விடலாம். நெவிலுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. டீ வாங்க வந்தவர்களிடமெல்லாம் "என் கார்புரேட்டர்!" என்று சொல்லிச் சொல்லி, ஜாம் கையோடு அவர்கள் முதுகில் தட்டினான்.

அன்று சாயங்காலம் கப் மேஜை நடுவில் பளபளத்தது.

"அடுத்த வருஷம் பாரு, டோர். நாளைலேர்ந்து வெறும் கீரை. நான்தான் ஓட்டுவேன். இது சத்தியம்."

"நல்லதுப்பா. முட்டையத் தள்ளி வச்சிட்டு சத்தியம் பண்ணு." டொரீன் அடுப்பைத் திறந்தாள். மாட்டிறைச்சி பையின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. "நாளைலேர்ந்துதானே?"

"நாளைலேர்ந்துதான்," என்று நெவில் தட்டை நீட்டினான். முதல் துண்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதை அவன் தானாகவே எடுத்துக்கொண்டான்.

டொரீன் ஊசியில் நூல் கோத்து, ஏப்ரனை மடியில் விரித்தாள்.

"இந்தக் கயித்த ஒரு சாண் நீட்டித் தச்சு வைக்கிறேன், நெவ். அடுத்த வருஷத்துக்கு ஊக்கு தாங்காது."