எனக்கு முன்னால் வந்து சேர்ந்த சப்பாத்து

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர்கள் இரண்டே இரண்டு. ஒன்று அம்மாவுடையது, மற்றது என்னுடையது. அம்மா காலமாகிவிட்டார். ஆகவே அவசரத்துக்கு நான் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் நான்தான். மலையகத்தில் எல்ல என்ற ஊரின் ரயில் நிலையத்தில் வெறும் காலுறையோடு நின்ற அன்றுதான் இது எனக்கே தெரிந்தது.

கொழும்பில் நான் தங்கியிருந்த வீட்டில் நீண்ட லீவு வந்தால் எல்லா அறைகளும் காலியாகிவிடும். "நீங்க ஊருக்குப் போகலையா?" என்றார் வீட்டுக்காரர். "போறேனே!" என்று சொல்லிவிட்டேன். (எந்த ஊருக்கு? வெலிமடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டில் இப்போது வேறு குடும்பம்.) சொன்ன பொய்யைக் காப்பாற்ற விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். டிக்கெட் பதுளைக்கு. அதுதான் கடைசி ஸ்டேஷன், எங்கே இறங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

எதிர் சீட்டில் ஓர் அக்கா. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்க தம்பி" என்றார். "வேணாங்க" என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். (பாட்டு ஒன்றும் ஓடவில்லை. எங்கே போறீங்க என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.) புதுச் சப்பாத்து காலைக் கடித்ததால் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

எல்லவில் இறங்கிய ஒரு வெள்ளைக்கார ஜோடி, ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டி ஒரு படம் எடுக்கச் சொன்னது. அந்த வாரம் முழுக்க என்னிடம் யாரும் ஓர் உதவியும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் காலுறையோடு குதித்து இறங்கிவிட்டேன். அங்கே நில்லுங்கள், சிரியுங்கள், ரயிலும் தெரியட்டும் என்று கல்யாண வீட்டுப் போட்டோக்காரரைப் போல ஆட்டி வைத்தேன். மூன்றாவது படத்தில் ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. நான்காவதில் தண்டவாளம் மட்டும் இருந்தது. அவர்கள் நன்றி சொல்லி, கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். (படம் பிரமாதமாக வந்திருந்தது.)

பை, பர்ஸ், சப்பாத்து, போன் எல்லாம் ரயிலில். மற்றவை போகட்டும், போனில் அம்மாவின் குரல் இருந்தது. 'சாப்பிட்டியாப்பா?' என்று தினமும் அனுப்பிய பதிவுகள். வேறெங்கும் நான் எடுத்து வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நான் தொலைந்துபோனது யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைக்க அதைவிட அழுகையாக வந்தது. கூட்டம் கரைந்து நெடுநேரமாகியும் எழவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் காலுறையோடு எப்படிப் போய் நிற்பது?

சவாரிக்குக் காத்திருந்த த்ரீவீலர்க்காரர் ஒருவர் கிட்டே வந்தார்.

"என்னண்ணே, கால்ல ஒண்ணுமில்லாம? இந்தாங்க, வீட்டுக்குப் பேசுங்க."

"நம்பர் ஞாபகமில்ல."

"யாரோடதுமா?"

"என்னோடது இருக்கு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் போனைக் கொடுத்தார். என்னை நானே கூப்பிட்டேன். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டேன்!

"ஹலோ, யாருங்க?" பெண் குரல்.

"நான்தாங்க."

"நான்னா யாரு?"

"அந்தப் போன்காரன்."

"அட, சப்பாத்துத் தம்பியா! ரயிலு கெளம்புதுன்னு எவ்வளவு கத்துனேன்! நீங்க சிரிங்க சிரிங்கன்னுகிட்டு நின்னீங்க. நா ஹாலிஎலையில எறங்கி வீட்டுக்கே வந்துட்டேன். ஸ்டேஷன்ல குடுத்தா லீவு நாள்ல யாருகிட்ட போயி கேப்பீங்கன்னு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன். எங்க தோட்டம் ஸ்டேஷனுக்குப் பக்கந்தான், பொறப்பட்டு வாங்க."

த்ரீவீலர்க்காரர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "வாங்கண்ணே, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்றார். (அக்காவின் தோட்டத்தில் என்னை இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு எல்லவுக்கே போய்விட்டார். செருப்பையும் வாங்கவில்லை.)

லயத்தில் ஒரு வாசலில் புதுச் சப்பாத்து கிடந்தால் அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். ரயிலில் ரொட்டி நீட்டிய அந்தச் செல்வமணி அக்கா என் சப்பாத்தைத் துடைத்து வாசற்படியில் ஜோடியாக வைத்திருந்தார். அதைப் பார்த்து லயமே விசாரிக்க வந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து முட்டை, ஒரு வீட்டிலிருந்து கறிக்கு ஒரு கட்டு லீக்ஸ். அக்காவின் கணவர் கோழி வாங்கவே போயிருந்தார். சப்பாத்துக்கு இவ்வளவு மரியாதை நடந்துகொண்டிருக்க, சேற்றுக் காலுறையும் அளவு பெரிய செருப்புமாக நான் போய் இறங்கினேன்.

"இவரா?" என்றார் ஒரு பெரியவர். சப்பாத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்திருப்பார்.

அக்கா போனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். வாங்கி, அம்மாவின் பதிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தேன். இருந்தன.

"யாரும் கூப்பிட்டாங்களாக்கா?"

"ஒருத்தரும் கூப்பிடல தம்பி." சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்தார். "சாப்பிட்டீங்களா?"

வாயைத் திறந்திருந்தால் கோழியோடு வந்த கணவர் முன்னால் அழுதிருப்பேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

லீவு முடியும்வரை அங்கேதான் இருந்தேன். சப்பாத்து அப்போதும் கடித்தது. அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ரப்பர் செருப்போடு கொழும்புக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ லீவு போய் வந்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை. இப்போது எனக்கு மூன்று நம்பர் மனப்பாடம்.

ஒவ்வொரு லீவுக்கும் முதல்நாளே அக்கா அதைத் துடைத்து வாசலில் வைத்துவிடுகிறார். "தம்பி வந்திருச்சா?" என்று லயத்தில் யாராவது கேட்டால் அவர் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாராம்: "சப்பாத்து எப்பவோ வந்திருச்சு. ஆளு எங்கயாவது படம் புடிச்சுக்கிட்டு நிக்கும், வந்துரும்."