மாமனார் தலையில் விளைந்த பளிங்கு

வாசித்ததை எல்லாம் உடனே யாருக்காவது விளக்கியாக வேண்டும் என்பது ஒரு வியாதி. எனக்கு அது இளம் வயதிலேயே முற்றிவிட்டது. (இன்னும் மாறவில்லை, என்னிடம் அகப்பட்டவர்களைக் கேளுங்கள்.)

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறையெடுத்துத் தங்கி, இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விண்வெளி ஆய்வுகூடத்தில் பளிங்கு, அதாவது படிகம், வளர்க்கிறார்கள் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். பூமியில் கரைசலின் சூடான பகுதி மேலேறும், பாரமானது கீழிறங்கும். இந்தத் தள்ளுமுள்ளில் பளிங்கு கோணிப்போகும். அங்கே எடை இல்லை. ஆகவே மேலும் இல்லை, கீழும் இல்லை. பளிங்கு நிம்மதியாக, ஒரே சீராக வளரும். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புத்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெயர் சிவமலர். படத்தைப் பார்த்தே நான் விழுந்திருந்தேன்.

"வாயைத் திறவாதை. கேட்டால் 'ஓம்' மட்டும் சொல்லு," என்று அண்ணை பஸ்ஸில் கெஞ்சிக்கொண்டே வந்தார். முந்திய சம்பந்தம் என் விளக்கத்தால்தான் குழம்பியிருந்தது.

சிவமலரின் தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். மரியாதைக்குக் கேட்டார்: "தம்பி பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிக்கிறியள்?"

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

தேநீர் ஆறும்வரை பளிங்கு பற்றிப் பேசினேன். "விழுகிற சாமானுக்கும் விழுகிற நேரம் எடை இல்லை, ஐயா. உங்கடை கிணத்திலையே காட்டலாம்."

"விண்வெளி எங்கடை கிணத்துக்கையோ?"

"ஓம்." (அண்ணை சொன்ன சொல்தான்.)

என் பையில் ஒரு போத்தல் இருந்தது. (பெண் பார்க்கப் போகிறவன் கொண்டு போகிற சாமானா என்று கேட்காதீர்கள்.) புகைப்படம் கழுவுகிறவர்கள் பாவிக்கும் ஹைப்போ உப்பை, அளவுக்கு மிஞ்சிக் கரைத்து ஆறவிட்டது. அதே உப்பில் ஒரு சிறு மணி போட்டால் போதும், மளமளவென்று பளிங்காகிவிடும். போட்டவுடன் வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் விழவிட்டால், புத்தூரிலேயே வானத்துப் பளிங்கு!

எங்கள் வீட்டுக் கிணற்றில் கப்பி. கையை விட்டால் வாளி விழும். புத்தூரில் துலா. நீண்ட மரம், அதன் அடிப்பக்கத்தில் பாரக்கல். வெறும் வாளியைக் கீழே இறக்கத்தான் இழுக்க வேண்டும். இது அந்த ஊரில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும்.

வாளியைக் கிணற்றுக்கட்டுவரை இழுத்து, உப்பு மணியைப் போட்டுத் தக்கையால் மூடிப் போத்தலை வைத்தேன். "எல்லாரும் கீழை பாருங்கோ!" என்று கையை விட்டேன்.

எல்லோரும் கீழே பார்த்தோம். வாளி மேலே போனது.

உச்சியில் அது கவிழ, போத்தல் தனியே வெளிக்கிட்டது. அந்தக் கணம் சத்தியமாக அதற்கு எடை இல்லை. பிறகு தக்கை கழன்றது. போத்தல் வாழைப் பாத்திக்குள். உள்ளே இருந்ததெல்லாம், கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனாரின் வழுக்கைத் தலையில்.

"ஐயோ, சுடுகுது! சுடுகுது!"

"பயப்பிடாதேங்கோ ஐயா," என்று ஆறுதல் சொன்னேன். "பளிங்காகேக்கை வாற மறைவெப்பம்தான்."

அவர் தலை முழுக்க வெள்ளை ஊசிகள். புருவத்தைத் தடவ, பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் தெருவாசல் படலையை நோக்கி நடந்தார். இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது அடுக்களை வாசலில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"என்னடி சிரிப்பு? உந்த விசரனைக் கட்டப் போறியோ?"

"ஓம் அப்பா," என்றாள் சிவமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "துலா எந்தப் பக்கம் போகுமெண்டு தெரியாத மனிசனை ஆராவது பாத்துக்கொள்ளத்தானே வேணும்."

படலையைத் திறந்த அண்ணை அதை மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

மாமனார் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: நான் துலாவில் கைவைக்கக் கூடாது. அதனால் புத்தூருக்குப் போகும்போதெல்லாம் அவரே தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றுவார். கல்லில் குந்தியிருந்து, புகையிலை வாசத்தோடு நான் குளித்த அந்தக் குளிர்ந்த குளிப்புகளுக்கு எந்த விண்வெளியும் ஈடில்லை.

இன்றைக்கும் நான் "அது ஏனென்றால்..." என்று தொடங்கினால், சிவமலர் பிள்ளைகள் பக்கம் திரும்புவாள்.

"பிள்ளையள், அப்பா விளக்கப் போறார். தலையிலை துவாயைப் போடுங்கோ."