ஷைஜுவை வழியனுப்ப

“மலைக்குத் தனியாவாலே போன?” என்று அம்மா கேட்டதும் மகேஷ்குமார் அகப்பட்டுக்கொண்டான்.

திருவனந்தபுரத்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்துக்குள் நின்று, அதுவரை பொன்முடியின் பனிமூட்டத்தை நன்றாகவே வர்ணித்துக்கொண்டிருந்தான். உண்மையில் அவன் பொன்முடிக்குப் போகவே இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது மட்டும் நிஜம். பக்கத்து இருக்கை காலி. மேலே போய் மலையைப் பார்த்து, ‘அங்க பாரேன்’ என்று யாரிடம் சொல்வது என்று தோன்றியது. இறங்கி வந்து படுத்துவிட்டான்.

“தனியா இல்லம்மா. கூட்டாளியோடதான்.”

“யாரு அது?”

பூத்துக்கு வெளியே ஓர் ஆட்டோ நின்றது. முன்கண்ணாடியில் மலையாளத்தில் ஒரு பெயர். தத்தித் தத்தி எழுத்துக் கூட்டினான்.

“ஷைஜு.”

பட்டப்படிப்பு முடிந்து, பி.எட். சேருவதற்குள் ஒரு வருடம் ஊர் சுற்றுவது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பியவன் மகேஷ். சபரிமலை சீசனுக்குத் திருவனந்தபுரத்தில் ஓட்டல் வேலை. வார லீவில் சுற்றுப்புறம். சீசன் முடிந்ததும் சம்பளத்தோடு ரயிலேறிக் கோவா; அங்கே ஒரு சீசன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் உலகத்தையே பார்த்துவிடுகிறார்களாம்.

அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியே விட்டுவர அவன்தான் தயங்கினான். “பக்கத்து வீட்டுக்கு நாச்சியார்னு ஒருத்தி குடிவாரா. எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு. நீ போயிட்டு வா” என்று பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள் அம்மா.

வந்தவனுக்கு ஓட்டல்தான் உலகம் என்றாகிவிட்டது. மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, “சாமி, ரெண்டு தோசை”, “சாமி, தண்ணி” என்பார்கள். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். நாள் முழுக்க அவன் சாமி. மகேஷ் என்று கூப்பிட அந்த ஊரில் ஆளில்லை.

அடுத்த வாரம் அம்மா எடுத்த எடுப்பில், “ஷைஜு நல்லாருக்கானா?” என்றாள்.

“ம்.”

“அவங்க அம்மை என்ன செய்தா?”

சொந்தபந்தம் என்று சொல்லப்போனால் கேள்வி வளரும். ஆகவே சுருக்கமாக முடித்தான். “அம்மா அப்பா யாரும் கெடையாதும்மா.”

சுருக்கம் எடுபடவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஐயோ பாவம். ஒன் நாச்சியார் அத்தைட்ட சொல்லணும். அவளுக்கும் பிள்ளைன்னா உசிரு. ஏலே, போனை அவன்ட்ட குடு.”

“அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

மறுவாரமும் ஷைஜுவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும். “இவ்வளவு நாளாத் தொண்டை கட்டுனா ஆப்பரேசன்ல வந்து நிக்கும்லே. கிளம்பி வந்து பெரியாஸ்பத்திரியில காட்டுதேன்” என்றாள் அம்மா.

ஷைஜுவை நாடு கடத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

“தொண்டை சரியாயிட்டும்மா. அவனுக்கு வேலை கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழம மஸ்கட் போறான்.”

“வழியனுப்ப யாரு இருக்கா?”

“நான் இருக்கேம்லா.”

“நீ சின்னப்பய. ஒரு பொம்பள நின்னு திருநீறு பூசி அனுப்புனாத்தான் அவனுக்குத் தாய் அனுப்புன மாதிரி இருக்கும். நான் வாரேன்.”

அம்மாவின் கண்ணை ஏமாற்ற முடியாது. “ஒனக்கு முட்டுவலி. பஸ்ல வரமாட்ட. நாச்சியாரத்தைய அனுப்பேன்.”

“அவளையா?”

“அவுங்களுக்கும் பிள்ளைன்னா உசிருன்னயே.”

“சரி,” என்றாள் அம்மா, வெகு மெதுவாக. “ஞாயித்துக்கெழம மத்தியானம் அங்க வாரமாதிரி காலையில பஸ் ஏத்திவிடுதேன்.”

இனி ஷைஜுவுக்கு ஆள் வேண்டும். அந்தப் பெயர் எழுதிய ஆட்டோவையே தேடிப்போனான். ஓட்டுநர் பெயர் ஜெயன். பாறசாலைக்காரன், வீட்டில் பேசுவது தமிழ். ஷைஜு என்பது வண்டி முதலாளியின் மகன் பெயர்.

விஷயத்தைக் கேட்டதும் ஜெயன் தாடையைச் சொறிந்தான். “எனக்கு எந்த நாட்டுக்கு விசா?”

“மஸ்கட்.”

“துபாய் ஆக்கு. மஸ்கட்ல என் பெண்டாட்டிக்க அண்ணன் இருக்கான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

“சொல்லியாச்சே அண்ணே.”

“அப்போ அட்ஜஸ்ட் செய்யுதேன். அம்மை செத்துப்போச்சுன்னு மட்டும் என் வாயால சொல்லமாட்டேன். வீட்ல சுகமா இருக்காவ.”

“நீங்க சோகமா நின்னாப் போதும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜெயன் இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையுமாகக் காலிப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். சோகம் நன்றாகவே வந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், யார் இறந்தது என்று கேட்டார்.

நாகர்கோவில் வழியாக வரும் பஸ் வந்தது. நாச்சியாரத்தை எப்படி இருப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. பையோடு இறங்கிய பெண்களிடமெல்லாம், “அம்பாசமுத்திரமா?” என்று கேட்டான். ஒருத்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அடுத்த பஸ்ஸும் வந்தது. அதற்கடுத்ததும்.

ஜெயன் பெட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு சாயா சொன்னான். “உன் பேர் என்ன? கேக்க விட்டுப்போச்சு.”

“மகேஷ்.”

“மகேஷே, ஃப்ளைட்டை விட்டுருவேன் போலிருக்கு.”

அவன் சிரித்துவிட்டான். இந்த ஊருக்கு வந்தபின் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல். சாயாவைக் குடித்துக்கொண்டே, பொன்முடி ரோட்டில் எந்த வளைவில் ஆட்டோ மூச்சு வாங்கும் என்று ஜெயன் சொன்னான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

வெயில் சாய்ந்தது. நாச்சியாரத்தை வரவில்லை. வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று அவன் பயந்தான். தன் புளுகை நம்பி, முன்பின் பார்க்காத பிள்ளைக்காகத் திருநீற்றோடு கிளம்பிய பெண்பிள்ளை. எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பூத்துக்கு ஓடினான்.

ஊரில் போன் இருப்பது உச்சிமாகாளி அண்ணாச்சியின் மளிகைக்கடையில். அவர்தான் எடுத்தார்.

“அண்ணாச்சி, நாச்சியாரத்தை காலையில பஸ் ஏறுனாங்களா?”

“எந்த நாச்சியாரு?”

“எங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவங்க. அம்மாவுக்குத் துணைக்கு இருக்காங்கல்லா.”

அண்ணாச்சி யாருக்கோ சாமான் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

“அந்த வீடு பூட்டித்தானடே கெடக்கு, ஒங்கம்மைக்குப் பேச்சுத்துணைன்னா அது நாந்தான், அதுவும் ஒன் போனுக்காக இங்க வந்து காத்துக் கெடக்குத அன்னைக்கு மட்டும்.”