கட்டின ஆளே அவிழ்க்க வேணும்

“இந்த வீட்டிலை ஒரு மௌஸைக்கூட உயிரோடை வைச்சிருக்க ஏலாது! ஆரோ கை வைச்சிருக்கினம், ஆரோ போட்டு விழுத்தியிருக்கினம், கேட்டா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது!”

மகேசன் சொன்னதை ஒரு எழுத்தும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். வீட்டில் இருப்பது அவரும் நானும்தான். மகள் துஷானிக்கு பர் துபாயில் வேலை. அங்கேயே அறையெடுத்து இருக்கிறாள். ஆக, ‘ஆரோ’ என்பது நான். ‘ஒருத்தர்’ என்பதும் நான்.

“நான் உங்கடை மௌஸைத் தூசி தட்டுறதுக்குக்கூடத் தொடுறேல்லை.”

“அதுதான் தூசி அடைச்சுச் செத்துப்போச்சு.”

தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம். கல்யாணம் கட்டினவர்களுக்கு இது புதிதில்லை.

சனிக்கிழமை காலை அது. பாலைவனத்து ஆலை ஊரான ருவைஸில் எங்கள் வீட்டு மூலையில் கொம்பியூட்டர் மேசை. பக்கத்துக் கதிரையில் நான், மடியில் பாஸ்போர்ட், ஐடி கார்ட், கண் பரிசோதித்த துண்டு. கார் ஓடப் பழகும் பள்ளியில் என்னைப் பதிய வேண்டும். முதலாம் சனிக்கிழமை இன்டர்நெட் மெதுவாம். அடுத்த சனிக்கிழமை கொம்பியூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்ததாம். இன்றைக்கு மௌஸின் மரணம்.

“போனிலை செய்யலாம் எண்டு பக்கத்து வீட்டுப் பானுமதி சொல்லுறா.”

“போனிலை செய்யிறது விளையாட்டு. கொம்பியூட்டரிலை செய்யிறதுதான் அலுவல். ஒரு எழுத்துப் பிழைச்சா பேந்து ஆர் அலையிறது?”

இந்த வயதில் எனக்கு எதற்கு லைசென்ஸ் என்று நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன். மகேசனுக்கு ஆலையில் பராமரிப்பு வேலை. இரவு டியூட்டியும் உண்டு. இரண்டு கிழமைக்கொருமுறை டியூட்டி முடிந்த கையோடு பர் துபாய்க்குக் கார். மகளைப் பார்த்து, கோயிலுக்குப் போய், மீனா பஜாரில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்பி வருவோம். போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம். இரண்டு பக்கமும் மணல், நடுவில் கோடு இழுத்தது போல ரோட்டு. பேய்க்கும் கண் சொருகும்.

அவர் கண் சொருகாமல் பார்ப்பது என் டியூட்டி. தோடம்பழம் உரித்து வாயில் வைப்பேன். காதைக் கிள்ளுவேன். பழசாகிப்போன சொந்தக்காரச் சண்டைகளை எல்லாம் திரும்பக் கிளறிக் கதைப்பேன். வீசாவில் நான் மனைவி. அந்த ரோட்டில் நான் அலாரம். கடைசியாய் வந்தபோது கதை தீர்ந்து கொஞ்ச நேரம் வாயை மூடிவிட்டேன். கார் ரோட்டோரத்துச் சொரசொரப்பில் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தது. நான் கத்தின கத்தில் மனுசன் நிமிர்ந்து பிடித்தார்.

“ரோட்டு சரியில்லை,” என்றார்.

ரோட்டு நன்றாய்த்தான் இருந்தது. மூடியிருந்தது கண். நான் பார்த்தேன். அன்றைக்கே முடிவெடுத்தேன்: திரும்பி வரும் ரோட்டில் நான் கார் ஓட வேண்டும், அவர் நித்திரை கொள்ள வேண்டும்.

மௌஸுக்கு வருவோம்.

குப்புறப் போட்டார், நிமிர்த்தினார். அடியில் உள்ள சுவிட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார். அடிவயிற்றில் எரிய வேண்டிய சிவப்பு வெளிச்சம் எரியவில்லை. கொம்பியூட்டரின் பின்னால் செருகியிருந்த சின்னத் துண்டைக் கழற்றி, பெனியனில் துடைத்து, ஊதி, வேறு ஓட்டையில் செருகினார். கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்ப எழுப்பினார். மௌஸை மேசையில் தேய்த்தார், கலண்டர் மட்டையில் தேய்த்தார், கடைசியில் தன் தொடையில் தேய்த்தார். பிறகு காதில் வைத்தும் கேட்டார்.

“பற்றரி பாத்தனீங்களோ?”

மௌஸைக் காதிலிருந்து எடுத்தார்.

“போன கிழமை போட்ட புதுப் பற்றரி. இந்தா பாரும்.” வித்தைக்காரன் வெறுந்தொப்பியைக் காட்டுகிற தூரத்தில் மூடியைத் திறந்து காட்டி, டக்கென்று மூடினார்.

“அப்ப அதுக்கு என்ன வருத்தம்?”

“டிரைவர் போயிருக்கும்.”

“ஆர் போனது?”

“டிரைவரப்பா. மௌஸ் ஓட, கொம்பியூட்டருக்குள்ளை ஒரு டிரைவர் வேணும்.”

“மௌஸுக்கே டிரைவர் வேணுமாம். இந்த வீட்டுக்கு இன்னொரு டிரைவர் வந்தா மட்டும் உங்களுக்கு எங்கை நோகுது?”

“வதனா, நான் அலுவலாய் இருக்கேக்கை பகிடி விடாதையும்.”

அவர் குளிக்கப் போனார். எங்கள் கொன்வென்ற்றில் சிஸ்டர் வந்தால், எந்தப் பிள்ளை புத்தகப் பெட்டியை அவசரமாய் மூடுகிறதோ அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பா. நானும் திறந்தேன். பற்றரி இருந்தது. பற்றரிக்கும் அதன் கம்பிச் சுருளுக்கும் நடுவில், நகத்தளவு வெட்டிச் சொருகிய பிளாஸ்டிக் நாடா. சிவப்பு.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். ஆலையில் ஒரு மெஷினைப் பழுது பார்க்க நிறுத்தினால் சிவப்பு நாடா கட்டிவிட வேண்டும். கட்டின ஆளே அவிழ்க்க வேண்டும். வேறு ஆர் கை வைத்தாலும் வேலை போய்விடும். இவர் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒழுகின குழாய்க்கு நாடா. சூடேறாத அயன்பெட்டிக்கு நாடா. ஒருமுறை பிரஷர் குக்கருக்கும் கட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் பருப்பில்லாமல் சாப்பிட்டோம்.

ஒரு கடதாசித் துண்டைச் சொருகியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். களவு செய்கிற இடத்திலும் ஆலைச் சட்டம் தவறாத மனுசன்! கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடாவை நான் தொடவில்லை. கட்டின ஆளே அவிழ்க்கட்டும். மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பானுமதி தமிழ்நாட்டுப் பிள்ளை. சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் எத்தனை சனிக்கிழமை, அக்கா, அண்ணன் பக்கத்துல உக்காந்திருப்பீங்க? போனக் குடுங்க.”

“போனிலை செய்யிறது விளையாட்டாம்.”

“அப்ப வாங்க, வெளையாடுவோம்.”

கஞ்சி வடிக்க முன்னமே விளையாட்டு முடிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் டியூட்டிக்குப் போனால் நான் வகுப்புக்குப் போனேன். பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் நோயாளியை விசாரிப்பது போல விசாரிப்பேன்.

“மௌஸ் எப்பிடி இருக்குது?”

“கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினனான். பார்ட்ஸ் மாஃபி, இல்லையெண்டிட்டான்.”

“ஐயோ பாவம்,” என்றேன். ஆரைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. “புதுசு ஒண்டு வாங்குவமே?”

“சேச்சே, நல்ல சாமான். எறியக்கூடாது.”

மௌஸ் இல்லாமல் ஊர்ச் செய்தி வாசிக்க, அவர் கீபோர்ட்டை ஒவ்வொரு கட்டையாய்த் தட்டித் தட்டி விரல் நோகுது என்றார். என்னிடமே எண்ணெய் கேட்டார். பூசிவிட்டேன்.

முதல் ரெஸ்ற்றில் நான் ஃபெயில். சோதித்த பெண்மணி கதவைத் திறந்து இறங்கிப் போனா. வீட்டுக்கு வந்து குசினியில் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதேன். மகேசன் எட்டிப் பார்த்தார். “அங்காலை போம், நான் வெட்டுறன்,” என்று கத்தியை வாங்கிக்கொண்டார். அவர் கண்ணாலும் தண்ணீர் ஓடியது. அது வெங்காயந்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாந்தரம் பாஸ்.

அடுத்த பர் துபாய்ப் பயணம். பின்னேரம், கார்ச் சாவியோடு நான் முன்னமே வந்துவிட்டேன். மகளும் தகப்பனும் முருங்கைக்காய்ப் பையோடு கார் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது, ஸ்டியரிங்கில் வடிவாய்ச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அவருடைய சாமான் பெட்டியிலிருந்தே எடுத்து வந்தது.

“ஆர் உதைக் கட்டினது?”

“நான்தான்.”

“ஏன், காருக்கு என்ன பிழை?”

“காருக்கு ஒரு பிழையும் இல்லை. ஓடுற ஆள்தான் நித்திரை இல்லாத மெஷின். நிப்பாட்டியிருக்கு.”

“விசர்க்கதை கதையாமல் அவிழும்.”

“அவிழ்ப்பன். கட்டின ஆள்தானே அவிழ்க்க வேணும். பேந்து ஓடுறதும் அந்த ஆள்தான்.”

மகேசன் கையை நீட்டினார். நாடாவுக்குக் கிட்டே போய்க் கை நின்றுவிட்டது. அவ்வளவு வருஷப் பழக்கம், மனைவி கட்டின நாடா என்பதற்காக மாறிவிடுமா?

“லைசென்ஸ் இல்லாமல் ஓடினா—”

எடுத்து நீட்டினேன். அதிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

“எப்ப?”

“உங்கடை மௌஸ் சாகக் கிடக்கேக்கை.”

“நீர்… அதைத் திறந்து பாத்தனீரோ?”

“பாத்தனான். உங்கடை நாடா. நான் தொடேல்லை.”

“கலாஸ் அப்பா,” என்றாள் துஷானி. “கேம் ஓவர்.”

அவள் எங்களுக்குக் கை காட்டிவிட்டு நடந்தாள். மகேசன் முருங்கைக்காய்ப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“பயமாய்க் கிடந்தது.”

“நான் எங்கையும் இடிச்சுப்போடுவன் எண்டோ?”

“அதுவுந்தான்.” திரும்பவும் பை கை மாறியது. “நான் வீட்டை வரேக்கை நீர் நித்திரை. நீர் எழும்பேக்கை நான் நித்திரை. நாங்கள் இருந்து கதைக்கிறது இந்த ரோட்டிலை மட்டும்தான். ஓடப் பழகினா நீர் தனிய வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போயிடுவீர். பேந்து என்ரை காதை ஆர் கிள்ளுறது?”

முருங்கைக்காய்ப் பையை வாங்கிப் பின் சீற்றில் வைத்தேன். நாடாவை அவிழ்த்தேன். சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

“ஏறுங்கோ. நான் ஓடுறன், நீங்கள் கதையுங்கோ. இவ்வளவு காலமும் நான் கதைச்சனான், இனி உங்கடை முறை.”

“நான் நித்திரை கொள்ள மாட்டன், சொல்லிப்போட்டன்.”

“தெரியும்.”

“உம்மைத் தனிய ஓட விட்டிட்டு எனக்கு நித்திரை வருமே?”

“வராது.”

பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, திரும்ப இழுத்துப் பார்த்தார். அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை நகரம் முடியும் மட்டும் மிதித்துக்கொண்டே வந்தார். “கண்ணாடியைப் பாரும். லொறி வருது. லொறி போகட்டும். லொறி போயிட்டுது.” பிறகு கால் கொஞ்சம் தளர்ந்தது. சொன்ன சொல் தவறாமல் கதை தொடங்கினார். ஆலை சூப்பர்வைசர் யஹ்யா, புதிதாய் வந்த பெரியவர் முன்னால், நாடா கட்டியிருந்த மெஷினில் தெரியாமல் கை வைத்துவிட்ட கதை.

“பெரியவர் பாத்துக்கொண்டு நிக்கிறார். யஹ்யாவுக்கு வேர்க்குது. பேந்து யஹ்யா என்ன செய்தவர் தெரியுமே…”

நான் கண்ணாடியைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து, அவரைப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் வழக்கமாய்க் கிள்ளும் வலது காது அந்தப் பக்கம் போய்விட்டது. மற்றக் காது என் கைக்குக் கிட்டே இருந்தது. மடியில் நாடாச் சுருள். ஏசிக் காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பிவிட்டேன்.

வெயில் நேராய்க் கண்ணாடிக்குள் வந்தது. இரண்டு பக்கமும் மணல். ரோட்டு முடிகிற இடம் தெரியவில்லை. தோடம்பழம் பின் சீற்றில் இருந்தது, உரித்துத் தர ஆள் இல்லை. இந்த ரோட்டு இவ்வளவு நீளம் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

“இஞ்சேருங்கோ… யஹ்யா பேந்து என்ன செய்தவர்? மிச்சத்தையும் சொல்லுங்கோவன்.”