மாப்பிள்ளையின் கோட்டைக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஓசூர்,
15.10.2008

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரதாப் அவர்களுக்கு மாமனார் மாரிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. புனேயில் நீங்களும் ஸ்வாதியும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அத்தை நலம்.

தலை தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்தாகிவிட்டது, முறுக்குக்கு மாவு அரைத்தாகிவிட்டது, மொட்டை மாடிக் குழாய்கூட சரி செய்தாகிவிட்டது. நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றுதான் பாக்கி. அதைப் பற்றிச் சொல்லத்தான் நேற்றும் அதற்கு முந்தின நாளும் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் எனக்குத் தைரியம் போய்விட்டது. சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

புனேக்குக் குடி மாறிப் புறப்படும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. "மாமா, கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கேம்ல கட்டுன கோட்டை இதுக்குள்ள இருக்கு, பத்திரமா பாத்துக்குங்க" என்றீர்கள். பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதில்தான் வினையே. நான் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். ஆயுத பூஜைக்கு முன்னால் எந்த மிஷினாக இருந்தாலும் கழற்றி, துடைத்து, ஆயில் மாற்றி, புதுசு மாதிரி ஆக்கித்தான் பொட்டு வைப்போம். வீட்டில் கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் சர்வீஸ் செய்துவிட்டு மாப்பிள்ளை மிஷினை மட்டும் அழுக்கோடு சாமி முன்னால் வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று, பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெகதீஷைக் கூப்பிட்டு, "ஃபுல் சர்வீஸ் பண்ணுப்பா, உள்ள ஒரு தூசி இருக்கக் கூடாது" என்றேன். அவனும் சொன்னதைச் செய்தான். முடிந்ததும் பார்த்தால் திரையில் கோட்டைப் படம் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் புல்வெளி இருந்தது. "எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டேன் சார், இப்ப பறக்கும் பாருங்க" என்றான். எனக்குத்தான் உயிர் பறந்தது.

பதறாதீங்க சார், கம்ப்யூட்டரோடு கேமின் ஒரிஜினல் சி.டி. தட்டு இருக்குதல்லவா, மறுபடி ஏற்றிவிடலாம் என்று சொல்லி ஏற்றினான். அது இன்டர்நெட் வழியாகக் கேம் கம்பெனியிடம் அனுமதி கேட்டது. ஏற்கெனவே நீங்கள் இந்த மிஷினிலும் வேறு மிஷின்களிலும் ஏற்றி ஏற்றி, இத்தனை தடவைதான் ஏற்றலாம் என்று அவர்கள் கொடுத்த அனுமதி எல்லாம் தீர்ந்துபோய்விட்டதாம். பெங்களூரில் அந்தக் கம்பெனிக்கு ஒரு புகார் எண் இருந்தது. போட்டேன். ஒரு பெண் முதலில் இங்கிலீஷில் பேசி, பிறகு கன்னடத்தில் பேசி, கடைசியில் என் நிலைமையைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். "சார், தட்டு உங்களோடது. உள்ள இருக்கிற கேம் எங்களோடது. நீங்க வாங்குனது விளையாடறதுக்கு அனுமதி மட்டும்தான்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "அம்மா, நாங்க பம்ப் செய்யற கம்பெனி. கெலமங்கலத்துல ஒருத்தர் எங்க மோட்டாரை வாங்கி, ரிப்பேருக்கு மேல தூக்கி, திரும்பவும் கிணத்துல இறக்கறாருன்னு வையுங்க. எத்தனை தடவை இறக்குனீங்க, இனிமே தண்ணி வராதுன்னு நாங்க சொன்னா, எங்களைச் சும்மா விடுவாரா?" என்று கேட்டேன். அவள் சிரிக்காமல், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள். முதல் உதவியே இன்னும் செய்யவில்லையே தாயே என்றேன். பாட்டுப் போட்டுவிட்டாள்.

இனி மனுஷனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று பூஜையன்று அந்தத் தட்டைச் சாமி படத்துக்கு முன்னால், என் ஸ்பானர் செட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பொட்டு வைக்காமல் விட மனசு வரவில்லை. எழுத்து இருக்கும் பக்கத்தில் வைத்தால் பெயர் மறைந்துவிடுமே என்று, கண்ணாடி மாதிரி பளபளத்த மறுபக்கத்தில் தாராளமாகச் சந்தனம் பூசி நடுவே குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டதைப் பார்த்த உங்கள் அத்தை, மாப்பிள்ளை பொருளாயிற்றே என்ற அக்கறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டாள். ஜெகதீஷ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பேரிகைப் பக்கம் தக்காளித் தோட்டத்துல குருவி வெரட்டக் கட்டுவாங்க சார், அதுக்கு ஆகும்" என்றான். ஆக, கேமும் போயிற்று, நமக்கென்று இருந்த தட்டும் போயிற்று. புதிதாக வாங்கலாம் என்று பெங்களூர் வரை போய்க் கேட்டேன், அது இப்போது வருவதில்லையாம்.

மாப்பிள்ளை, ஸ்வாதி எங்களுக்கு ஒரே பெண். முதல் தீபாவளிக்கு வந்த இடத்தில் நீங்கள் முகம் வாடி உட்கார்ந்தால் அவள் முகமும் வாடும், அதை என்னால் பார்க்க முடியாது. பயமாக இருக்கிறது, மன்னித்துவிடுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் புனேயிலேயே திட்டி முடித்துவிட்டு வாருங்கள். உங்களுக்கும் ஸ்வாதிக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம். இந்த விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உங்கள் மாமனார்,
மாரிமுத்து

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் ஸ்வாதி போன் செய்தாள். அவள் அம்மா எல்லாவற்றையும் உளறியிருக்கிறாள். நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டால், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கம்ப்யூட்டரை உங்க வீட்ல வைக்கலாம்னு அவர்கிட்ட சொன்னதே நான்தாம்ப்பா. ஆயுத பூஜை வந்தா நீங்க எதையும் சும்மா விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்கிறாள். ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினாள். "ஆபீஸ் விட்டு வந்தா அந்தக் கோட்டைக்குள்ளயே போய் உக்காந்துக்குவார்ப்பா. எனக்கும் பேச ஆள் வேணும்ல?" என்றாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு மொத்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை உங்களிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில் வாங்கியதுதான், கையில் அடித்து வாங்கியதல்ல. அவளிடம் எதுவும் கேட்டுக்கொள்ளாதீர்கள். ரயிலில் வரும்போது அவளோடு பேசிக்கொண்டு வாருங்கள், அது போதும்.