சத்தமில்லாத நாற்பது நிமிடம்

"எத்தனை மணிக்கு எடுக்குறீங்கண்ணே?" என்று கோகிலா கேட்டபோது, கஜேந்திரன் தன் அப்பாவின் சவப்பெட்டிக்கு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ரெண்டு மணிக்குத் தங்கச்சி."

தோட்டத்தில் எந்தச் சாவு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? கோகிலாவுக்கு மூன்று மணிக்குப் போனில் நேர்முகத் தேர்வு.

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான். வாங்கிய நாளிலிருந்து வேலையில்லை. விரிவுரையாளர் பதவிக்கு, தற்காலிக விரிவுரையாளர் பதவிக்கு, தற்காலிக உதவியாளர் பதவிக்கு என்று படிப்படியாக இறங்கி முப்பத்தொரு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் வந்தது நான்கு. அதில் ஒன்று 'அன்புள்ள திரு. கோகிலன்' என்று தொடங்கி, வருந்துகிறோம் என்று முடிந்தது. கடைசியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வருட ஆய்வுக்கு அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. பட்டம் பெற்று மூன்று வருடத்துக்குள் இருப்பவர்கள்தான் அதற்குப் போக முடியும். அவளுக்கு அந்த மூன்று வருடம் அடுத்த மாதம் முடிகிறது.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு: தோட்ட மக்களிடையே துக்கம்.

தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், கோகிலா வீட்டில் சமைக்கிற குசினியின் ஜன்னல். குசினிக்கும் சாவு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைவரை எட்டாத சுவர். கஜேந்திரனின் அப்பா ராமச்சந்திரன் மாமா, தோட்டத்தின் தப்புக்காரர், உயிரோடு இருந்தபோது இருமினால், கோகிலாவின் அம்மா இந்தப் பக்கத்திலிருந்து, "சுடுதண்ணி குடிங்கண்ணே" என்பாள்.

"கொஞ்சம் வெள்ளன எடுத்துட்டா நல்லதுண்ணே" என்றாள் கோகிலா.

கஜேந்திரன் திரும்பிப் பார்த்தான். "ஏன்?"

செத்தவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, எனக்கு இண்டர்வியூ இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல... ரொம்ப நேரம் வச்சிருக்காம இருந்தா நல்லது. அதான்."

இதைச் சொன்னது டாக்டர் கோகிலா. எந்த டாக்டர் என்று லயத்தில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்குள் போய் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் செய்தி லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவரை போய்த் திரும்பியிருந்தது.

அம்மா ஓடி வந்தாள். "என்னாடி சொல்லித் தொலைச்ச? பொணத்துல ஒட்டுற நோய் இருக்குதுன்னு சொன்னியாமே?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"

"எலிக்காய்ச்சலாம். பொட்டிகிட்ட ஒருத்தரும் போக மாட்டேங்குறாங்க. யாரோ சுகாதாரம் பாக்குற பீஎச்ஐ மாத்தயாவுக்குப் போன் பண்ணிட்டாங்க. அவரு வந்து பாக்குற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

"எப்ப வருவாராம்?"

"ரெண்டரைக்கு."

கோகிலா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் அழகம்மா அத்தை மட்டும் உட்கார்ந்து, கணவன் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

கஜேந்திரனைத் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் தனியே கூட்டிப் போய் உண்மையைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. எவ்வளவு நேரம் வேணும்?"

"நாப்பது நிமிசம்."

"நாப்பது நிமிசம் சத்தம் வராம நான் பாத்துக்குறேன். அப்பா இருந்திருந்தா அவரும் அதைத்தான் சொல்லியிருப்பாரு."

அவன் பார்த்துக்கொண்ட விதம்தான் மோசமாகிவிட்டது. அப்போது மணி பன்னிரண்டு. தேர்வு மூன்று மணிக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளாமல், தப்படிப்பவர்களை உடனே நிறுத்தச் சொன்னான். கொடகவெலயிலிருந்து பஸ் ஏறி வந்த நாலு பேரும் தப்பை மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ பார்த்து முறைத்தபடி மரத்தடியில் உட்கார்ந்து, இனிப் பெட்டி கிளம்பும்போதுதான் தப்பைத் தொடுவோம் என்றுவிட்டார்கள். பெண்களிடம், "கோகிலாவுக்கு வேலை விசயம், மெதுவா அழுங்க" என்றான். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். இழவு வீட்டில் தப்புச் சத்தமில்லாமல் அந்த ஊமை அழுகை மட்டும் சுவர் தாண்டி வந்தது. கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அம்மாவே சொன்னாள்: "நீ டவுனுக்குப் போயிருடி. இது பாவம்."

பலாங்கொடையிலிருந்து ஹலீம் நானாவின் த்ரீவீலரை வரவழைத்தாள். ஏறும்போது மணி இரண்டு. டவுனில் அவருடைய தம்பியின் போன் கடையில் பின்னறை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றார்.

"பயப்படாதீங்க மகள், ரெண்டே முக்காலுக்கு உங்களக் கதிரையில உக்கார வச்சிருவேன்" என்றார் ஹலீம்.

மூன்றாவது வளைவில் பீஎச்ஐயின் ஜீப் மேலே ஏறி வந்தது. ஹலீம் வழி விடுவதற்காகப் பின்னால் எடுத்தார். பின்சக்கரம் ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கி, த்ரீவீலர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பீஎச்ஐ இறங்கி வந்தார். "நோய் இருக்குன்னு சொன்ன டொக்டர் யாரு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஹலீம் கோகிலாவைக் காட்டினார்.

"நான் டொக்டர்தான் மாத்தயா, ஆனா அந்த டொக்டர் இல்ல" என்று அவள் சிங்களத்தில் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏறுங்க" என்றார்.

ஜீப்பில் திரும்பி வந்தாள். இரண்டு ஐம்பதுக்கு அவர் ஆஸ்பத்திரிக் கடதாசியைப் பார்த்தார். மாரடைப்பு. "லெடக் நே" என்றார் கூட்டத்தைப் பார்த்து. நோய் ஒன்றும் இல்லை. பிறகு கோகிலாவை ஒரு முறை முறைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கோகிலா குசினிக்குள் பாய்ந்து, சேலையில் ஒட்டிய தூசியை உதறிவிட்டு, ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைத்தாள். இரண்டு ஐம்பத்தெட்டு. பக்கத்து வீட்டில், "தூக்குங்கப்பா" என்ற குரல் கேட்டது. மூன்று மணிக்குத் திரையில் முகங்கள் தெரிந்தன. அதே நொடியில், மூன்று மணி நேரமாக மரத்தடியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்த நாலு தப்பும் ஒன்றாக வெடித்தன.

திரையில் இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, பெரிய ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞன். இளைஞன் காதிலிருந்து ஹெட்போனைச் சற்றுத் தூக்கிப் பிடித்தான்.

"வணக்கம் டாக்டர்" என்றாள் பெண்மணி ஆங்கிலத்தில். "பேசுங்கள்."

"எதைப் பற்றி?"

"எதைப் பற்றி வேண்டுமானாலும்."

கோகிலாவுக்கு மெய் சிலிர்த்தது. இப்படித் திறந்து விட்டுத்தான் ஆளை அளப்பார்கள். தன் ஆய்வைப் பற்றிப் பேசினாள். அவர்கள் இடைமறிக்கவில்லை, குறிப்பெடுத்தார்கள். மௌனமும் ஒரு கேள்விதான் என்று அவளே தன் ஆய்வில் எழுதியிருந்தாள். மேலும் பேசினாள். தப்பு மலைக்குக் கீழே இறங்கித் தேய்ந்தது. பெட்டி போன பிறகு வீட்டில் தங்கிவிட்ட பெண்களின் அழுகை, அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, சுவருக்கு மேலே எழும்பி வந்து ஓய்ந்தது.

"அது என்ன சத்தம்?" என்றான் இளைஞன்.

"பக்கத்து வீட்டில் ஒரு மரணம்."

"அதற்குப் பக்கத்தில் போக முடியுமா? இன்னொரு முறை கேட்க வேண்டும்."

கோகிலா போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தான் என்ன செய்யப் போகிறோம் என்பது வாசல் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்தது. கால் நிற்கவில்லை.

அழகம்மா அத்தை, பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"அத்தை... இவங்க அந்த வேலை குடுக்குற ஆளுங்க. நீங்க அழுறதைக் கேக்கணும்ங்கிறாங்க."

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுதா குடுத்துருவாங்களா?"

"தெரியல அத்தை."

"எங்க பாத்து அழணும்?"

"இங்க."

அத்தை தலைமுடியைக் கோதிக்கொண்டு, போனைப் பார்த்து ஆரம்பித்தாள். முதலில் அது வெறும் குரலாகத்தான் இருந்தது. "என் ராசா, ஊரு ஒன்னைய நோய்க்காரன்னு சொல்லிருச்சே. ஒங்கிட்ட வர பயந்து வாசல்ல நின்னுச்சே. நீ அடிச்ச தப்புக்கு ஆடுன சனம், ஒனக்கு அடிக்க வந்த தப்பை நிறுத்திருச்சே." அப்புறம் குரல் உடைந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கூட இருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் பெண்மணி.

கோகிலா மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். நாள் முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. போனைப் பிடித்தபடியே முகத்தை மூடிக்கொள்ள, கூரையும் சுவரும் பெட்டி இல்லாத தரையும் திரையில் மாறி மாறித் தெரிந்தன. மாமாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவைகூடத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னியுங்கள். வேறு கேள்வி ஏதாவது...?"

இளைஞன் ஹெட்போனைக் கழற்றினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது போலிருந்தது.

"எங்களிடம் கேள்வி ஒன்றும் இல்லை டாக்டர், நாங்கள் ஒலி-ஒளி பரிசோதிக்கிற தொழில்நுட்பப் பிரிவு, இன்றைய அழைப்பு அதற்கு மட்டும்தான், உங்கள் பக்கம் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, தேர்வுக் குழு நாளைக்கு இதே நேரம் வரும்."