இன்பமணி கையெழுத்துப் போட மறுத்த வாக்குமூலம்

பாளையங்கோட்டை,
26.08.2025, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மணிராஜ் அத்தானுக்கு,

உங்கள் தங்கை இன்பமணியின் கணவன் நேசையா ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதினால் பொய்ச்சாட்சி ஆகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும், சாலோமி அக்காவும், சனிக்கிழமை காலை என்னை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட இன்பமணியும் நலமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன்.

இதைச் சாதாரணக் கடிதமாக நினைக்க வேண்டாம். எனக்கும் என் மனைவிக்கும் நடுவே ஏற்பட்ட பிணக்கைத் தீர்க்க அவள் தரப்பு நடுவராக உங்களை நியமிக்கும் ஆணை இது. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பதிவுத் தபாலை நிறுத்தி ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப் போகிறார்களாம். நானும் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓய்வு பெறுகிறேன். இரண்டு பேரும் ஒன்றாகவே போகிறோம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் ஒருவரை நடுவராக நியமிக்க முடியாது. மேலும் நீங்கள் சிரிப்பீர்கள்.

வழக்கின் பூர்வாங்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஆவணத்தில் இருக்க வேண்டும். 1991-இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அன்றே துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "காலையில குற்ற விசாரணை முறை, மத்தியானம் இஸ்லாமியச் சட்டம்" என்று இரண்டு பாடங்களைக் கையில் திணித்தார். ஒன்று எல்லோருக்கும் பயம், மற்றது யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவன் தலையில் கட்டிவிட்டார். சபை மூப்பரின் பேரனாகிய நான் மேலப்பாளையத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய், கயிற்றுக்கடை மைதீன்பிச்சை அண்ணாச்சியைப் பிடித்து, அவர் மூலமாக மார்க்கம் கற்ற ஆலிம்களிடம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை எல்லாம் ஒரு சிவப்பு பைண்டு நோட்டில் எழுதினேன். முன்பக்கமிருந்து குற்ற விசாரணை, பின்பக்கமிருந்து இஸ்லாமியச் சட்டம். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மகள் ஃபெபி குழந்தையாயிருக்கும்போது போட்ட தடுப்பூசித் தேதிகள். இன்று மேலப்பாளையத்தில் யார் வீட்டில் மவுத்து ஆனாலும் பங்கு பிரிக்க ஒரு வார்த்தை என்னையும் கேட்கிறார்கள். ஒரு பெண் இறந்து, கணவனும் கூடப் பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் இருந்தால், கணவனுக்கு ஆறில் மூன்று, சகோதரிகளுக்கு ஆறில் நான்கு. கூட்டினால் ஏழு வரும். அதனால் சொத்தையே ஏழு பங்காக்கி, எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். இதை நான் சாப்பாட்டு வேளையில் விளக்கியபோது இன்பமணி, "அந்தக் கணக்குப் போட்டவரு எனக்கு முந்தியே ஆறு துண்டு சீலா மீன ஏழு பேருக்கு வச்சிருக்காரு" என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் போன வருடம் ஜூலை முதல் தேதி இடி விழுந்தது. பழைய குற்ற விசாரணைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் தகவல் அறிக்கைக்கான 154 என்பது 173 ஆனது, சாட்சி விசாரணைக்கான 161 என்பது 180 ஆனது. மனைவிக்கு ஜீவனாம்சம் வாங்கித் தரும் 125, போயும் போயும் 144 ஆனது. ஊரெல்லாம் கூட்டம் கலைக்கும் எண்ணாக அறிந்த 144! போன மாதம் பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில் கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தி யோசனை கேட்டாள். "144 போட்டுரும்மா" என்றேன். பக்கத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சார்வாள், சாப்பாடு முடிஞ்சப்புறம் போடச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். ஆகவே பதினான்கு மாதமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பழைய எண்ணுக்கும் பக்கத்தில் புதிய எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி சோற்றுப் பசையால் ஒட்டினேன். வருகிற வெள்ளிக்கிழமை என் கடைசி வகுப்பு. பழைய மாணவர்கள், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் உட்பட, வருகிறார்கள். அந்த நோட்டு கையில் இல்லாமல் நின்றால் எந்த எண் பழையது, எந்த எண் புதியது என்று எனக்கே தெரியாது.

போன வியாழக்கிழமை நோட்டைக் காணவில்லை.

இந்த இடத்தில் மற்ற மனிதர்களாயிருந்தால் கட்டிலுக்கு அடியில் தேடியிருப்பார்கள். நான் முறைப்படி போனேன். முதல் தகவல் அறிக்கை எழுதினேன். புகார்தாரர் நேசையா, விசாரணை அதிகாரியும் நேசையா. சம்பவ இடமாகிய என் வாசிப்பு அறையை நூல் கட்டி, மெழுகுவர்த்தி உருக்கி, முத்திரை வைத்தேன். சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜருக்கு அந்தப் பகுதியைச் சேர்ந்த மரியாதைக்குரிய சாட்சிகள் இருவர் வேண்டும் அல்லவா? மாடியில் குடியிருக்கும் பெனோவையும், தண்ணீர் கேன் போட வந்த கொம்பையாவையும் நிறுத்தினேன். பெனோ உடனே கையெழுத்துப் போட்டான். கொம்பையா கேனை இறக்காமலே, "என்ன சார்வாள், ரெய்டு வந்துட்டாங்களா?" என்றான். "இல்லப்பா, மகஜர்" என்றேன். "சரி சரி, நான் யார்ட்டயும் சொல்லல" என்று போனவன், கேன் போடும் நாற்பது வீட்டிலும் சொல்லிவிட்டான். சாயங்காலம் எங்கள் சபைப் போதகர் வேதாகமத்தோடு வந்து, "பேராசிரியரே, இந்த வயசுல சோதனை வரும், திடமா நில்லுங்க" என்று யோபின் புத்தகத்தில் ஒரு அதிகாரம் முழுக்க வாசித்தார்.

அடுத்த நாள் சாட்சி விசாரணை. உங்கள் தங்கை பின்வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"பொம்பளய வீட்ல வச்சுத்தான் விசாரிக்கணும்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இது வீடுதான?"

"வீடா? நீங்கதான் மெழுகு ஊத்தி ஸ்டேசனாக்கிட்டீங்கள்லா. சரி, என்னய சாட்சியாக் கேக்குதீங்களா, குத்தம் பண்ணுன எதிரியாவா? எதிரின்னா நான் வாயத் தொறக்கவே வேண்டாம்."

சாட்சி என்று ஒப்புக்கொண்டு வாக்குமூலம் பதிந்தேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மூன்றே கேள்விகள். நோட்டை எத்தனை காலமாகத் தெரியும்? "எனக்கு முன்னாலயே இந்த வீட்டுக்கு வந்தது அதுதான்." யாரிடமாவது கொடுத்தாயா? "பழைய பேப்பர்காரன் வாசலுக்கு வந்தப்பல்லாம் தோணிருக்கு. குடுக்கல." கடைசியாக யாருடன் பார்த்தாய்? "உங்க கூடத்தான். என்னய விட அதுதான் உங்க கூட அதிகம் இருந்திருக்கு."

சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். எழுதிவிட்டு, முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்தியவன் செய்யக்கூடாத தவறைச் செய்தேன். பேனாவை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்றேன்.

"சாட்சி வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுல்லா?" என்றாள்.

"ஆமா, 162."

"அது பழசு. இப்ப நூத்தி எண்பத்தொண்ணு. தெனமும் குளிக்கும்போது கத்திக் கத்திப் படிச்சீங்க. உங்களுக்குத்தான் ஏறல, எனக்கு ஏறிட்டு." கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்று ஒரே வார்த்தை. நான் வாசலுக்கு வரும்முன் ஆட்டோ திரும்பிவிட்டது. மத்தியானம் மனம் பொறுக்காமல் போன் செய்தேன். மணி எங்கள் அடுக்களையிலேயே அடித்தது. போனையே உதறிப் போட்டுவிட்டுப் போகும் அளவுக்குக் கோபம்! பெங்களூரில் ஃபெபியிடம் சொன்னால், "அப்பா, மொதல்ல ரூம் சீலை உடைங்க" என்று வைத்துவிட்டாள்.

நேற்று மைதீன்பிச்சை அண்ணாச்சி இன்பமணி போன விஷயம் மட்டும் கேள்விப்பட்டு ஒரு தூக்குவாளி நிறையச் சாப்பாடு கொடுத்தனுப்பினார், பின்னாலேயே போனிலும் வந்தார். "என்ன வே, முப்பத்துநாலு வருசமா எங்க சட்டத்த எங்களுக்கே சொல்லித் தாரீரு. புருசன் பொஞ்சாதி பிணக்குன்னா அவன் பக்கம் ஒரு ஆளு, அவ பக்கம் ஒரு ஆளு இருந்து பேசித் தீக்கணும்னு வகுப்புல சொல்லுவீருல்லா? உம்ம வீட்டுக்கு மட்டும் அது தள்ளுபடியா?" என்றார். சட்டென்று உறைத்தது. என் தரப்புக்கு அவரையே வைத்துக்கொண்டேன். நடுவர் குடும்பத்து ஆளாயிருக்க வேண்டும் என்பார்கள். என் தம்பி மும்பையிலிருந்து வருவதற்குள் இவர் நாலு தடவை வந்துவிடுவார். இன்பமணி தரப்புக்கு நீங்கள்.

இனி வருவது என் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. நீங்கள் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டதால் இது செல்லும், தெரிந்தேதான் எழுதுகிறேன். அத்தான், எனக்கு நோட்டு தொலைந்தது பயமில்லை. திங்கட்கிழமை காலை எழுந்து எந்த வகுப்புக்கும் போக வேண்டாம் என்பதுதான் பயம். அந்த நோட்டைத் தேடுகிற சாக்கில் நாலு நாள் அதை நினைக்காமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். என் வகுப்பில் எத்தனையோ ஆயிரம் பேர் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். எண் மாறியதைக்கூடத் தவறாமல் கேட்டவள் ஒருத்திதான், அதுவும் மீன் அரிந்துகொண்டே. நோட்டு இல்லாமல் வெள்ளிக்கிழமை எப்படியாவது உளறிச் சமாளிப்பேன். அவள் இல்லாமல் திங்கட்கிழமையைச் சமாளிக்க எனக்குத் தெரியாது. அவளை அனுப்பிவையுங்கள். எனக்கு ஏழில் ஒரு பங்கு தந்தாலும் போதும்.

சாலோமி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலி தேவ கிருபையால் படிப்படியாகக் குறைந்து, தீர்ப்புச் சொல்ல இங்கே வரும்போது எங்கள் வாசற்படி நாலையும் தாராளமாக ஏறும்படி ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு, உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட
நேசையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மைதீன்பிச்சை அண்ணாச்சி வந்தார். கையில் சிவப்பு நோட்டு. போன புதன்கிழமை அவர் கடையில் உட்கார்ந்து யாருக்கோ ஏழு பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என்ன நோட்டு என்று தெரியாமல் கடைப் பையன்கள் அதன்மேல் ஆறு நாளாக டீ கிளாஸ் வைத்திருக்கிறார்கள். முன்னட்டையில் வட்டம் வட்டமாக அத்தாட்சி இருக்கிறது. ஆகவே எதிரி நானே என்று தெரியவருகிறது.

அவர் போன அஞ்சாவது நிமிடம் சாலோமி அக்கா போனிலிருந்து இன்பமணி கூப்பிட்டாள். "கோவமா? எனக்கெதுக்குக் கோவம்? நாளைக்கு இங்கன கோயில் அசனம்லா, ஊருக்கே பந்தி, மூணு மூட்ட வெங்காயம் உரிச்சு முடியல. போன மாசமே சொன்னேன், நீங்க பேப்பர் திருத்திக்கிட்டே உம்னீங்க. காலண்டர்ல செவப்பு மையில எழுதிக்கூட வச்சிருக்கேன். போன அடுக்களையிலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலைல மொத பஸ்ஸப் பிடிச்சு வாங்க. அந்த வாக்குமூலத்தையும் கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன். அதான் செல்லாதுல்லா, தைரியமாப் போடலாம்" என்றாள். வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்காருவாளாம். முப்பத்தோரு வருடம் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட பாடத்தை ஒரு நாள் ஃபேன் காற்றில் கேட்க வேண்டுமாம்.

எனவே மேலே கண்ட ஆணை ரத்து. கடிதத்தைத் தபாலில் போடாமல் நாளை நானே கொண்டுவந்து, அசனப் பந்தியில் சம்மன் போல உங்கள் கையில் நேரடியாகச் சார்பு செய்கிறேன். வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். "இனி வருவது என் வாக்குமூலம்" என்று தொடங்கும் பத்தியை மட்டும் கிழித்து, வெங்காயம் உரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதன் ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.